இறங்கிய ஸ்டேஷனில் ஏறுவதில்லை

"தலைவரே, பிளாட்பாரத்தக் காணோம்!"

ரயில் கதவருகே நின்றிருந்த ராஜாமணி கத்தினார். பிளாட்பாரம் இல்லாமல் இல்லை. கடைசிப் படிக்கு மூன்றடி கீழே, செம்மண்ணும் சரளையுமாகக் கிடந்தது. தாழைமேடு ஹால்ட்டில் பாசஞ்சர் வண்டி ஒரே ஒரு நிமிடம்தான் நிற்கும். அதற்குள் பதினாறு பேர் இறங்கியாக வேண்டும். முதல் ஆளாக நின்ற சலீமா பீவி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, இரண்டு முழங்காலிலும் வலி உள்ளவர், கீழே எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது எறங்குற எடமா, குதிக்கிற எடமா?"

அந்தத் 'தம்பி', குழுத் தலைவர் ஜெயப்பிரகாஷ், பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே, ஸ்டேஷன் அறையிலிருந்து ஓர் அம்மாள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். படிக்குக் கீழே அதைப் போட்டார். கடைசிப் பெட்டியில் நின்ற கார்டைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினார். பதினாறு பேரும் முக்காலியில் கால்வைத்து, கல்யாண மேடையிலிருந்து இறங்குவது போல் இறங்கி முடிக்கும்வரை அந்தக் கை இறங்கவில்லை, ரயிலும் அசையவில்லை.

அவர் பெயர் ஞானாம்பாள். அந்த ஹால்ட்டில் டிக்கெட் கொடுப்பவர் அவர்தான். பெருக்குபவர், விளக்குப் போடுபவர், தண்ணீர் வைப்பவர் எல்லாம் அவரேதான்.

ராஜாமணி சுற்றிலும் பார்த்தார். ஒரு வேப்பமரம், ஒரு சிமெண்டு பெஞ்சு, பெஞ்சின் மேல் ஓர் ஆடு.

"ஏற ஒரு ஆளு இல்ல, இங்கல்லாம் எதுக்கு வண்டி நிக்குது? இந்த மாதிரி ஸ்டேஷனையெல்லாம் எடுக்கப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க" என்றார். ராஜாமணிக்கு எதையாவது குறை சொன்னால்தான் காப்பி குடித்த திருப்தி வரும்.

ஜெயப்பிரகாஷ் அதைக் காதில் வாங்கவில்லை. அவருக்கு இன்று வாழ்வா சாவா.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஜெயப்பிரகாஷை வீட்டிலும் கடையிலும் யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. உலகத்தில் அவரைத் 'தலைவரே' என்று கூப்பிட இருந்தது இந்தப் பதினைந்து பேர்தான். 'திரும்பா நடைக் குழு' அவர் பெற்ற பிள்ளை. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலையில் ஒரு ஸ்டேஷனில் இறங்குவது, வயலும் வரப்புமாகப் பத்துக் கிலோமீட்டர் நடப்பது, வேறொரு ஸ்டேஷனில் ஏறி வீட்டுக்கு வருவது. இறங்கிய ஸ்டேஷனில் ஏறுவதில்லை என்பது முதல் விதி. போனில் வழி பார்ப்பதில்லை என்பது இரண்டாம் விதி. வழியெல்லாம் அவரே நடந்து பார்த்து, கிராப் தாளில் வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார். கடுகுக்குள் ஊசி நுழைப்பது போன்ற வேலை. பாராட்டாமல் இருக்க முடியாது.

ஆனால் போன இரண்டு நடையும் சொதப்பல். ஒன்றில் மழை. இன்னொன்றில் ஒரு ரைஸ் மில்லின் மதில் சுவரை மூன்று தடவை சுற்றியதுதான் மிச்சம். ராஜாமணி வாட்சப்பில் போட்டுவிட்டார்: 'நடந்தது போதும். இனி வேன் வைத்து ஏற்காடு, ஊட்டி போவோம். ஞாயிறன்று திரும்பும்போது ஓட்டெடுப்பு.' பன்னிரண்டு பேர் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். இன்று ஏதாவது கோணல் ஆனால் குழுவும் போச்சு, தலைவர் பட்டமும் போச்சு.

அதனால் இந்த முறை அவர் தேர்ந்தெடுத்தது அசத்தலான வழி. தாழைமேட்டில் இறங்கி, பெரிய வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால், சிதம்பரம் வரைக்கும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். முதலில் சுண்டுவிரல் நகமளவு தெரியும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் வளரும். கடைசியில் அண்ணாந்து பார்க்க வைக்கும். இப்படி ஒரு யோசனை வேறு யாருக்கு வரும்?

"எத்தினி பேரு சார்?" ஞானாம்பாள் கேட்டார்.

"பதினாறு."

"பதினாறா!" அவர் முகம் பளிச்சென்று ஆனது. "சாயங்காலம் அஞ்சு ரெண்டு வண்டிக்குத்தான் ஏறுவீங்க?"

"இங்க ஏற மாட்டோம்மா. எறங்குன ஸ்டேஷன்ல ஏறுறதில்ல, அது எங்க விதி. சிதம்பரத்துல ஏறுவோம்."

பளிச்சிட்ட முகம் வாடியது. "எத்தினி பேரு எறங்குனாலும் பிரயோஜனம் இல்லியே சார். ஸ்டேஷன எடுக்கலாமான்னு பாக்க, ஏறுறவுங்களத்தானே இந்த மாசம் எண்றாங்க" என்று முணுமுணுத்தவர், சட்டென்று நிமிர்ந்தார். "சிதம்பரத்துக்கு எப்பிடிப் போவீங்க?"

ஜெயப்பிரகாஷ் உருகிப் போனார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவரிடம் வழியைப் பற்றித் தானாகக் கேட்ட முதல் மனுஷி. தாளை விரித்து ஒன்று விடாமல் விளக்கினார். ஒன்பதரைக்குப் பாலம், பதினொன்றுக்குக் களத்துமேடு, ஒரு மணிக்கு ஆலமரத்தடியில் எலுமிச்சை சாதம்.

"எனக்கும் ஒண்ணு குடுப்பீங்களா சார்? அழகா இருக்குது."

கொடுத்தார். கொடுப்பதற்கு முன் கீழே கையெழுத்தும் போட்டார்.

குழு நடக்க ஆரம்பித்தது. தை மாதக் கடைசி. அறுவடை முடிந்த வயல்களில் நெல்லின் அடித்தாள் மட்டும் நின்றது. வைக்கோல் வாசனை காற்றில் மிதந்தது. தூரத்தில், பனைமரங்களுக்கு நடுவே, நகமளவு கோபுரம். எல்லோரும் "அட!" என்றார்கள். ராஜாமணிகூட "ம்" என்றார்.

ஒன்பதரைக்குப் பாலத்தை அடைந்தார்கள்.

பாலத்தின் குறுக்கே ஒரு பழைய கதவு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் சுண்ணாம்பால் எழுதியிருந்தது: 'பாலம் பழுது. வெளியூர் ஆட்கள் செல்லக் கூடாது.' எழுத்திலிருந்து சுண்ணாம்பு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். லுங்கி, தலையில் துண்டு, கையெல்லாம் சுண்ணாம்பு.

"ரெண்டு வாரம் முன்னாடி நான் இதுல நடந்தேனேங்க!" என்றார் ஜெயப்பிரகாஷ்.

"அது ரெண்டு வாரம் முன்னாடி சார்" என்றார் அவர். "எம்பேரு குப்பன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வுழுந்தா இடுப்பு போயிடும்."

அப்போது ஓர் ஆட்டோ வந்தது. குப்பன் எழுந்து கதவை நகர்த்தினார். ஆட்டோ எட்டு ஆட்களோடும் இரண்டு மூட்டை உரத்தோடும் பாலத்தைக் கடந்து போனது. குப்பன் கதவைப் பழையபடி சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அது போவுதே?"

"அது உள்ளூரு ஆட்டோ சார். அதுக்குப் பழக்கம்."

பதினைந்து ஜோடிக் கண்கள் தலைவர் முதுகைத் துளைத்தன.

"மேக்கால கரையோட போனீங்கன்னா ஒரு மதகு இருக்குது. அது மேல தாண்டிக்கலாம்" என்றார் குப்பன் கனிவாக.

"இதுவும் நம்ம வழிதான்" என்று குழுவிடம் அறிவித்துவிட்டு மேற்கே திரும்பினார் ஜெயப்பிரகாஷ். இதுவரை எதிரே இருந்த கோபுரம் இடது பக்கம் போனது.

மதகு ஒரு கிலோமீட்டரில் வந்தது. ஆனால் மதகுக்கு முன்னால் வாத்து வந்தது. ஒன்றல்ல, இரண்டாயிரம். கரை முழுக்க, தண்ணீர் முழுக்க, வயல் முழுக்க வாத்து. நடுவே நீளக் கழியோடு சாமிக்கண்ணு என்ற பெரிய மீசைக்காரர்.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்க. மதகு மேலதான் அந்தாண்ட ஓட்டணும். ஆளப் பாத்து மெரண்டா நாளைக்கு ஒண்ணுகூட முட்ட வைக்காது."

பதினாறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வாத்துகள் ஒன்றன் பின் ஒன்றாக மதகின் மேல் ஏறின. ரேஷன் கடை வரிசைகூட அவ்வளவு ஒழுங்காக நகர்ந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு வாத்து பாதி வழியில் நின்று சலீமா பீவியைத் தலை சாய்த்துப் பார்த்தது. அவரும் தலை சாய்த்துப் பார்த்தார்.

"முப்பத்தாறு வருஷம் பிரேயர்ல பிள்ளைங்கள வரிசையில நிக்க வச்சிருக்கேன். இந்த மாதிரி ஒரு நாளு நின்னதில்ல" என்றார் பீவி. அவர் குரலில் உண்மையான வியப்பு இருந்தது.

முக்கால் மணி நேரத்தில் கடைசி வாத்தும் கடந்தது. ஜெயப்பிரகாஷ் மதகில் கால் வைத்தார். சாமிக்கண்ணுவின் போன் அடித்தது.

"சொல்லு... அப்பிடியா... சரி சரி." போனை மடியில் செருகினார். "மன்னிச்சிக்கிங்க சார். அந்தாண்ட வயல்ல மருந்து அடிச்சிருக்காங்களாம். வாத்த இந்தாண்டயே ஓட்டணும்."

அதே இரண்டாயிரமும் அதே ஒழுங்கில் திரும்பி வந்தன. சலீமா பீவியைப் பார்த்த வாத்து இந்த முறையும் நின்று பார்த்தது.

மணி பன்னிரண்டு. ஆலமரம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். மதகின் நடுவில் ஒரு பெட்டை வாத்து மட்டும் உட்கார்ந்துகொண்டது. அது முட்டையிடப் போவதாகவும், எழுப்பினால் பாவம் என்றும் சாமிக்கண்ணு சொல்லிவிட்டார்.

"வேன்ல போயிருந்தா இந்நேரம் ஊட்டி" என்றார் ராஜாமணி, பொதுவாக வானத்தைப் பார்த்து.

ஜெயப்பிரகாஷுக்கு வியர்த்தது. அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அவருடைய யோசனைகளில் அதுதான் அன்று மிக மோசமானது. "பக்கத்துல ரோடு இருக்கு. மினி பஸ் புடிச்சு ரெண்டு கிலோமீட்டர் தாண்டி எறங்கிட்டா, மறுபடியும் நம்ம வழிக்கு வந்துடலாம்."

ரோட்டில் மினி பஸ் நின்றது. கதவு திறந்திருந்தது. டிரைவரைத்தான் காணோம். எதிரே புது வீடு ஒன்றின் வாசலில் வாழைமரம், சீரியல் விளக்கு, ஸ்பீக்கர். கிரகப்பிரவேசம். டிரைவர் உள்ளே பந்தியில் இருந்தார்.

டிரைவரைக் கூப்பிடத்தான் ஜெயப்பிரகாஷ் உள்ளே போனார். வீட்டுக்காரர் செந்தமிழ்செல்வன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

"எத்தினி பேரு? பதினாறா? எலைக்கு என்னா பஞ்சமா? பால் காச்சுன அன்னிக்கு வாசல் வரைக்கும் வந்தவுங்க பசியோட போனா, இந்த வூட்ல நான் எப்பிடித் தூங்குவேன்?"

இலை போட்டார்கள். வடை, பாயசம், கத்தரிக்காய் கொத்சு, அப்பளம். கொத்சு என்றால் சிதம்பரத்துப் பக்கத்துக் கொத்சு. அதைப் பற்றி இங்கே எழுத ஆரம்பித்தால் கதை முடியாது. ராஜாமணி மூன்றாம் முறை கேட்டு வாங்கினார். வாங்கும்போது குறை எதுவும் சொல்லவில்லை.

சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு எப்படிக் கிளம்புவது? மொய்க் கவர் கொண்டுவர இது என்ன விசேஷமா, நடைதானே? ஜெயப்பிரகாஷ் பையைத் துழாவி, கைக்கு அகப்பட்டதை வெற்றிலையில் வைத்து நீட்டினார். அது அவருடைய திசைகாட்டி. செந்தமிழ்செல்வன் கண்கலங்கி அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஊசி சாமியைக் காட்டியது.

டிரைவர் வெற்றிலை மென்றுகொண்டு வந்தார்.

"போலாமா தம்பி?"

"இப்ப எமகண்டம் சார். ஒண்ணர வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டேன். நாலரைக்கு மேல ராகு காலம்."

"நடுவுல மூணு மணி நேரம் இருக்கே?"

"அதுல சாப்பிட்ட மயக்கம் சார்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸின் கடைசி சீட்டில் படுத்துக்கொண்டார்.

வேறு வழியில்லை, நடைதான். சாப்பிட்ட களைப்பில் குழுவே ஒன்றரை மணி நேரம் வேப்பமர நிழலில் சாய்ந்துவிட்டு, மூன்று மணிக்குத்தான் எழுந்தது. மதிய வெயிலில் தூரம் எல்லாம் புகை மூட்டமாகத் தெரிந்தது. திசைகாட்டி சாமியோடு இருந்தது. ஜெயப்பிரகாஷ் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பனைமரங்களுக்கு மேல் உயரமாக ஒன்று தெரிந்தது.

"கோபுரம்! அதோ! நேரா அதப் பாத்து நடங்க."

நடந்தார்கள். வரப்பில் ஏறி, வாய்க்காலில் இறங்கி, உளுந்து விதைத்த வயலைச் சுற்றி. அவர் சொன்ன மாதிரியே அது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வளர்ந்தது. வளர வளர அதற்குக் கால் முளைத்தது. நான்கு கால்கள். அருகில் போனபோது அதன் வயிற்றில் நீலப் பெயிண்டில் எழுதியிருந்தது படிக்க முடிந்தது: 'குடிநீர் மேல்நிலைத் தொட்டி, தாழைமேடு.'

ஊருக்கெல்லாம் கண்ணாடிக்கு நம்பர் போட்டுக் கொடுக்கும் மனிதர் அந்தத் தொட்டியின் கீழே சிலையாக நின்றார். இருநூறு அடி தள்ளி, காலையில் பார்த்த அதே சிமெண்டு பெஞ்சு. அதன் மேல் அதே ஆடு. உண்மையான கோபுரம் முதுகுக்குப் பின்னால், காலையில் இருந்ததைவிடச் சின்னதாகத் தெரிந்தது. மணி நாலே முக்கால்.

"வாங்க சார், வாங்க!" ஞானாம்பாள் வாசலிலேயே நின்றார். மண்பானையில் தண்ணீர் இருந்தது. பெஞ்சு துடைத்திருந்தது, ஆடு இருந்த இடம் தவிர. முக்காலி பிளாட்பாரத்தில் தயாராக இருந்தது. "பதினாறும் வந்துட்டீங்களா? யாரும் கொறையலியே?" என்று விரல் விட்டு எண்ணினார். "கடலூருக்குப் பதினாறு டிக்கெட். எடுத்து வச்சிட்டேன்."

ஜெயப்பிரகாஷ் டிக்கெட்டுகளை வாங்கினார். முதல் விதி செத்துவிட்டது. குழுவும் இன்னும் கால் மணி நேரத்தில் செத்துவிடும். நாளை முதல் அவர் வெறும் கண்ணாடிக்கடைக்காரர்.

ராஜாமணி பெஞ்சின் அருகே போய் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"ரயில்ல எதுக்கு? ஓட்டெடுப்ப இங்கயே வச்சிடுவோம். நான் ஒண்ணு பேசணும்."

எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"தலைவரே, நான் உங்களப் பத்தி என்னென்னமோ பேசியிருக்கேன். அதுக்கெல்லாம் இப்ப மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

ஜெயப்பிரகாஷ் நிமிர்ந்து பார்த்தார்.

"பாலத்துகிட்ட ஒரு ஆள உக்கார வச்சீங்களே, என்னா நடிப்பு! உள்ளூரு ஆட்டோவாம், அதுக்குப் பழக்கமாம்! நானே நம்பிட்டேன். அப்புறம் அந்த ரெண்டாயிரம் வாத்த அங்கயும் இங்கயும் நடக்க விட்டீங்க. ஊட்டியில காசு குடுத்தாலும் இத யாரு காட்டுவா? பசிக்கிற நேரத்துக்குக் கரெக்டா ஒரு கிரகப்பிரவேசம், அந்தக் கொத்சு! கடைசில, திரும்பவே மாட்டோம்னு எங்கள நம்ப வச்சு, கோபுரம்னு சொல்லித் தண்ணித் தொட்டிக்குக் கூட்டியாந்து நிறுத்துனீங்க பாருங்க..." ராஜாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாஷா அல்லாஹ்!" என்றார் சலீமா பீவி. "எங்க பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு மூணு மாசம் தயார் பண்ணுவோம், அப்பவும் மைக் வேலை செய்யாது. இவ்ளோவும் ஒண்ணு பிசகாம ஏற்பாடு பண்ண எத்தினி நாளு ஆச்சு தம்பி?"

நல்ல மனிதர் ஜெயப்பிரகாஷ். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் பதினைந்து முகங்கள் அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. அப்படி ஒரு பார்வையை அவர் தன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"ரெண்டு வாரம்" என்றார். பிறகு, தொடங்கியதைப் பாதியில் விடுவானேன் என்று, "வாத்துக்குத்தான் கொஞ்சம் ஜாஸ்தி அலைஞ்சேன்" என்றார்.

கைதட்டலில் ஆடு பெஞ்சிலிருந்து குதித்து ஓடியது. வேனுக்கு ஒரு ஓட்டும் விழவில்லை. ராஜாமணி தானே முன்வந்து தலைவர் பையைத் தூக்கிக்கொண்டார்.

ஐந்து இரண்டுக்கு வண்டி வந்தது. ஞானாம்பாள் முக்காலியைப் போட்டு, கார்டுக்குக் கையை உயர்த்தி, ஒவ்வொருவராக ஏற்றிவிட்டார். சலீமா பீவியின் முழங்கையைப் பிடித்து மேலே அனுப்பியபோது ஏதோ நகையைப் பெட்டியில் வைப்பது போல் அவ்வளவு கவனம். கடைசியாக ஏறிய ஜெயப்பிரகாஷ் கதவருகே நின்றார். மனம் நிறைந்து வழிந்தது. இவ்வளவையும் கடவுளே நடத்திக் கொடுத்தார் என்றுதான் அவர் நினைத்தார். இந்த அம்மாளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றிக் குனிந்தார்.

ஞானாம்பாள் அவரைக் கவனிக்கவில்லை. ஒரு கையில் போன். இன்னொரு கையில் காலையில் ஜெயப்பிரகாஷ் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஜெராக்ஸ் தாள். அதில் பாலம், மதகு, களத்துமேடு, ஆலமரம் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெயர் எழுதியிருந்தது. வண்டி மெல்ல நகர்ந்தது. அவர் போனில் பேசியது தெளிவாகக் கேட்டது.

"குப்பா, பதினாறும் இங்கயே டிக்கெட் எடுத்து ஏறியாச்சு, நம்ம ஊருல இனிமே வண்டி நிக்கும்; பாலத்துல இருக்கற கதவ எடுத்து வூட்டுல மாட்டிட்டு, சாமிக்கண்ணு மாமாவ வாத்த ஓட்டிக்கிட்டுப் போவச் சொல்லு!"